ராயல் நடை எழிலரசி

ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களைத்தான் முதலில் படிக்கிறாள் எழிலரசி. அடுப்பில் பால் இருக்கும். ஒரு கண் அதன்மேல், இன்னொரு கண் கைப்பேசியின்மேல். ராய்ச்சூரிலிருந்து ஒருவர் "வார் கடிக்கிறது" என்று எழுதியிருந்தால் அவ்வளவுதான், பால் தன் பாட்டுக்குப் பொங்கி வழியும். அவள் அதே மாதிரிச் செருப்பு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, வாரின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருப்பாள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை அவள் படிப்பதே இல்லை. "சூப்பர், சூப்பர்னு எழுதியிருப்பான். அதுல படிக்க இன்னா இருக்குது?"

அவளுக்குப் பிடித்தவர்கள் மூன்று நட்சத்திரக்காரர்கள். அவர்களோடு பேசத்தான் அவளுக்கு ஆசை. செருப்பு விற்கும் அந்த இணையதளம், வாங்கியவரின் எண்ணை விற்பவருக்குக் காட்டாது. விற்பவர் தன் எண்ணைக் கொடுப்பதும் கூடாது. ஆனால் எழிலரசி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு வைக்கிறாள். அதில் அவள் எண்ணும் ஒரே ஒரு வரியும் இருக்கும்: "குறை இருந்தால் கூப்பிடவும்." கூப்பிடுகிறவரை அவள் எளிதில் விடமாட்டாள். "மூணு குடுத்துக்கிறீங்க அண்ணா, சந்தோஷம். மீதி ரெண்டு எங்க போச்சு? குதிகால்லயா, வார்லயா?" எதிர்முனையில் இருப்பவர் முதலில் திகைப்பார். பிறகு தன் காலைப் பற்றி, வீட்டில் வேறு யாரும் கேட்காத விவரங்களையெல்லாம் சொல்லத் தொடங்குவார்.

நாற்பதைத் தாண்டிய மெலிந்த உருவம். வலது கட்டைவிரல் நகம் எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கும். தோலில் நகக்கீறல் விழுந்தால் அது போகாது என்பது ஆம்பூரில் பால்குடி மறக்கும் முன்பே கற்கும் பாடம். சட்டென்று எதையும் புகழ்ந்துவிடாத வாய். மகள் பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கி வந்தபோதும் "பரவால்ல" என்றாள். மகள் துள்ளிக் குதித்தாள். அந்த வீட்டில் அதற்கு மேல் மதிப்பெண் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தியாவின் பல மூலைகளுக்கும் தோல் செருப்பு அனுப்பும் எழிலரசி அணிவது நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. ஒரு பக்க வார் ஊக்கில் நிற்கிறது. கேட்டால் கோபம் வரும். "சாம்பிளை யாராவது கால்ல மாட்டுவாங்களா? மடிப்பு விழுந்துட்டா முடிஞ்சுது. அதுக்கப்புறம் அது செருப்பு, அவ்ளோதான்."

இந்தச் சட்டம் அவள் வேலை பார்த்த ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் அறையில் பிறந்தது. புது மாதிரி ஒன்று தயாரானால் அதை மேசையில் வைத்து, விரலால் அழுத்தி, மூக்கருகே பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, குறை இருந்தால் சாக்பீஸால் வட்டம் போடுவது அவள் வேலை. வட்டம் போட இடம் இல்லையென்றால் "பரவால்ல" என்பாள். உடனே அது பெட்டிக்குள் போகும். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அம்மாள் மேசையில் இருந்த மாதிரிகள் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து "வொண்டர்ஃபுல்" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆர்டர் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் வந்த ஓர் ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நான்கு குறை சொன்னான். மூன்று கண்டெய்னருக்குக் கையெழுத்துப் போட்டான். புகழ்ச்சியைப் பற்றி எழிலரசியின் தத்துவம் முழுவதும் அந்த இரண்டு வாரங்களில் முடிந்துவிட்டது. அதன்பிறகு அதில் திருத்தம் எதுவும் வரவில்லை.

வெளிநாட்டு ஆர்டர் குறைந்தபோது நிறுவனம் சாம்பிள் அறையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் பாதியில் அவளும் இருந்தாள். அப்போதுதான் எதிர்வீட்டு கௌசர் கதவைத் தட்டினாள்.

கௌசர் எழிலரசிக்கு நேர் எதிர். பார்த்ததையெல்லாம் புகழ்வாள். சேமியா பாயசத்துக்கும் "மாஷா அல்லா", ரயில் நேரத்துக்கு வந்தாலும் "மாஷா அல்லா". மருதாணிக் கோலங்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டு, நாலாயிரம் பேரைத் தன் பின்னால் வரவைத்தவள். "அக்கா, உங்களுக்குச் செருப்பு தெரியும், எனக்கு ஜனங்களைத் தெரியும். இன்னா சொல்றீங்க?" என்றாள். பின்தெருவில் அப்துல் ஹமீத் பாயின் சின்னப் பட்டறை. ஏற்றுமதிக்கு வெட்டியது போக மிஞ்சிய நல்ல தோலை வாங்கி அவர் தைத்துக் கொடுப்பார். எழிலரசி பார்த்து எடுப்பாள். கௌசர் மொட்டைமாடியில் தன் வெள்ளைத் துப்பட்டாவை விரித்து, அதன்மேல் செருப்பை வைத்துப் படமெடுப்பாள். கடை தொடங்கியாயிற்று.

பெயர் வைப்பதிலேயே முதல் சண்டை. கௌசருக்கு "ராயல் ஸ்டெப்" வேண்டும். எழிலரசிக்கு "நடை" போதும். மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு "ராயல் நடை" பிறந்தது. அடுத்த சண்டை செருப்பைப் பற்றி எழுதும் குறிப்பில். கௌசர் எழுதியது: "மேகத்தில் நடப்பது போல் இருக்கும்!" எழிலரசி எழுதியது: "நடக்கலாம். மழையில் வேண்டாம்." தளத்தில் இன்றைக்கும் இருப்பது: "மேகத்தில் நடப்பது போல் இருக்கும். மழையில் வேண்டாம்."

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. கடையின் சராசரி மூன்று புள்ளி ஒன்பதில் வந்து நின்றது. நல்ல பள்ளிக்கூடத்தில் இது பாராட்டுக்குரிய மதிப்பெண். இணையச் சந்தையில் அப்படியில்லை. தீபாவளிக்கு முன்பு அந்தத் தளம் நடத்தும் பெரிய விற்பனையில் முகப்புப் பக்கத்தில் இடம் வேண்டுமானால் நான்கு வேண்டும். அந்தப் பத்தில் ஒரு பங்கு நட்சத்திரத்தில்தான் இருவரின் வருங்காலமும் தொங்கியது. ஏனென்றால் அதே வாரம் நிறுவனத்திலிருந்து எழிலரசிக்கு அழைப்பு வந்திருந்தது. ஆர்டர் திரும்பிவிட்டது, சாம்பிள் அறைக்கு ஆள் வேண்டும், மாதம் பிறந்து முதல் திங்கள்கிழமை வந்து சேர வேண்டும். வராவிட்டால் வேறு ஆள்.

எழிலரசியின் கணவர் தனகோடி தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்பவர், சிக்கனமாகப் பேசுபவர். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "கம்பெனின்னா பி.எஃப். ஒன்னு இருக்குது, பாத்துக்க." பெரிய விற்பனையில் இடம் கிடைத்தால் கடை, இல்லாவிட்டால் கம்பெனி என்று எழிலரசி தனக்குள் முடிவு செய்துகொண்டாள். கௌசரிடமும் சொன்னாள். கௌசர் அன்று பாயசத்தைக்கூடப் புகழவில்லை.

ஆள் தேடி நவீன்குமாரைக் கூட்டி வந்தவள் கௌசர்தான். வேலூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, பிரியாணிக் கடை முதல் பல் மருத்துவமனை வரை இணையத்தில் விளம்பரம் செய்து கொடுக்கும் இளைஞன். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, கைப்பேசியில் கடையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான்.

"மேடம், ஃபோட்டோல்லாம் நல்லாருக்கு. ஆனா ஒத்தச் செருப்புதான் தெரியுது."

"கம்பெனில அப்பிடித்தான் எடுப்பாங்க தம்பி. ஒன்னு பாத்தா போதும், இன்னொன்னும் அதே மாதிரிதானே?"

"கஸ்டமருக்கு அது போதாது மேடம். செருப்பு ஒரு கால்ல இருக்கறதப் பாத்தாத்தான் தன் கால்லயும் இருக்கும்னு தோணும். ரெண்டாவது ஃபோட்டோல ஒரு ஆளோட கால் இருக்கணும். நீங்களே போட்டு நிக்கலாமே?" என்று சொல்லிக்கொண்டே கீழே பார்த்தான். ஊக்கு மாட்டிய ரப்பர் செருப்பு தெரிந்தது. பேச்சை மாற்றினான். "சரி, அது இருக்கட்டும். இப்ப அவசரம் ஸ்டார். நூறு ரிவ்யூ, எல்லாம் அஞ்சு ஸ்டார், ஒரு பேக்கேஜ் இருக்கு. வேற வேற ஊர், வேற வேற பேரு. ஒரு நாள்ல நாலு தாண்டிடும்."

பாராட்டுக்கு விலை உண்டு என்பதைச் சந்தை என்றும் அறிந்திருந்தது. அதற்கு விலைப்பட்டியல் வந்ததுதான் புதிது.

"அந்த நூறு பேருக்கும் செருப்பு அனுப்பணுமா?" என்று கேட்டாள் எழிலரசி.

"வேணாம் மேடம். அவங்க போட மாட்டாங்க."

"போடாத செருப்பு எப்பிடிக் கடிக்கும்? அஞ்சுதான் குடுப்பான்."

நவீன்குமார் சிரித்துவிட்டான். கெட்டிக்காரன். கோபித்துக்கொள்ளாமல் "யோசிச்சு சொல்லுங்க" என்று போய்விட்டான். கௌசர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "உங்க 'பரவால்ல'னாலதான் அக்கா நம்ம கடையும் பரவால்லன்னு நிக்குது."

இந்த நிலையில்தான் புது மாதிரி வந்தது. பெண்கள் அணியும் தேன்நிறச் செருப்பு. கௌசர் அதற்கு "நூர்" என்று பெயர் வைத்து, துப்பட்டாவை இஸ்திரி போட்டுப் படமெடுத்து, அறிமுகச் சலுகை என்று அறிவித்தாள். அன்று மாலையிலிருந்தே ஆர்டர் கொட்டியது. மறுநாள் கௌசர் பேரணாம்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். போனாள். அங்கே பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லாரிடமும் தங்கள் கடை தீபாவளிக்கு முகப்புப் பக்கத்தில் வரப்போகிறது என்று சொல்லியும் விட்டாள். பெட்டி கட்டும் வேலை எழிலரசிக்குத் தனியாக வந்தது.

புது மாதிரி என்பதால், ஹமீத் பாய் பழைய கம்பெனி வழக்கப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் நூலில் ஒரு சாம்பிள் அட்டை கட்டி அனுப்பியிருந்தார். அந்த அட்டையைப் பார்த்ததும் எழிலரசியின் கைகள் சாம்பிள் அறைக்குப் போய்விட்டன. வலது காலை எடுத்தாள். மெல்லிய தாளைச் சுருட்டி உள்ளே திணித்தாள். வாரை மடித்து, பெட்டியில் படுக்கவைத்து, மேலே ஒரு தாள் போர்த்தி, தன் சீட்டை வைத்து மூடினாள். அடுத்த வலது கால். அடுத்தது. பின்னணியில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. வேலை தாளம் தப்பாமல் நடந்தது. கடைசிப் பெட்டியை ஒட்டியபோது அவளுக்கு மனம் நிறைந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

பார்சல் வண்டிக்காரர் பெட்டிகளைத் தூக்கும்போது கேட்டார்: "இன்னாக்கா, இன்னிக்கி எல்லாம் லேசா இருக்குது?"

"புது மாடலு. சோல் லேசு" என்றாள் பெருமையாக. வாழ்க்கையில் அவள் தானாக ஒரு பொருளைப் புகழ்ந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை கௌசர் கல்யாணத்துப் பலகாரப் பொட்டலத்தோடு வந்தாள். அலமாரியைப் பார்த்தாள். பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இதுங்க எல்லாம் ஏன் ஒரே பக்கமா பாக்குது?"

அலமாரியின் இரண்டு தட்டு நிறைய இடது கால்கள். தேன்நிறத்தில், வரிசை குலையாமல், மேல்நிலைப் பள்ளியின் காலை வணக்கக் கூட்டம் போல.

விஷயம் இதுதான். ஏற்றுமதி உலகில் மாதிரி என்றால் ஒற்றைக் கால். வெளிநாட்டு ஆளுக்குத் தோலும் தையலும் தெரிய ஒன்று போதும். வழியில் யாராவது பிரித்தாலும் ஒற்றைக் காலைத் திருடி எவனும் போட்டுக்கொள்ள முடியாது. சாம்பிள் அறையில் எழிலரசி ஒரு நாளும் ஜோடியாகப் பெட்டி கட்டியதில்லை. அவள் கை எதையும் மறக்கவில்லை. அதுதான் வினை.

"வண்டி இந்நேரம் மெட்ராஸ் தாண்டியிருக்கும்" என்றாள் எழிலரசி. "யா அல்லா" என்றாள் கௌசர். பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழிலரசி பதறிப் பக்கத்தில் போனாள். சிரித்துக்கொண்டிருந்தாள். ஷிப்டு முடிந்து வந்த தனகோடி அலமாரியைப் பார்த்துவிட்டு, "சரி, மிச்சத்தை வேற ஊருக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிக் கை கழுவப் போனார்.

அன்று மாலைக்குள் இடது கால்கள் எல்லாம் பெட்டி ஏறின. பெட்டிக்குள் வைக்கும் சீட்டில்தான் மறுபடி சண்டை. "தப்பாய்ப்போச்சு, மன்னிச்சு அஞ்சு ஸ்டார் குடுங்கன்னு எழுதலாம் அக்கா. அஞ்சு வார்த்தைதானே?" என்று கௌசர் கெஞ்சினாள். எழிலரசி எழுதினாள்: "இது இடது கால். தப்பு என்னுடையது. போட்டுப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்லவும்."

வலது கால்கள் முன்னால் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் அவள் எண் இருந்ததால் கைப்பேசி ஓயவில்லை. திருநெல்வேலிக்காரர் ஒருவர் நிதானமாக ஆரம்பித்தார்: "ஏ யம்மா, எங்க வீட்டுப் பொம்பளைக்கு ரெண்டு காலு உண்டும்மா. விசாரிச்சுட்டுத்தான் பேசுதேன்." பில்வாராவிலிருந்து ஒரு பெண்மணி இந்தியில் வெடித்தாள். எழிலரசியின் இந்தி ஆம்பூர்த் தெருவில் கௌசர் வீட்டு உருதைக் கேட்டுக் கேட்டு வந்தது, இலக்கணத்துக்குக் கட்டுப்படாதது. "குஸ்ஸா நக்கோ அம்மா. தூஸ்ரா பைர் ரஸ்தே மே ஹை." கோபம் வேண்டாம், மற்றக் கால் வழியில் இருக்கிறது. அந்த இந்தியைக் கேட்டு அந்தப் பெண்மணி சிரித்துவிட்டாள்.

எல்லாரிடமும் ஒரே விளக்கம்தான் சொன்னாள். "நான் செருப்பு கம்பெனில சாம்பிள் ரூம்ல இருந்தவ. அங்க ஒத்தக் கால்தான் அனுப்புவோம். கைக்குப் பழக்கம். மன்னிச்சுக்குங்க. இன்னொன்னு வந்துக்கினே இருக்குது." பிறகு, விட மனமில்லாமல், "அந்த ஒத்தக் கால்ல எதுனா குறை இருக்குதா?" என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கௌசர் தலையில் அடித்துக்கொண்டாள்.

பேசியவர்கள் சமாதானமானார்கள். பேசாமல் எழுதியவர்களும் இருந்தார்கள். ஒற்றை நட்சத்திரங்கள் வரிசையாக விழுந்தன. "மோசடி." "பாதிச் செருப்பு." "என்னை என்னவென்று நினைத்தார்கள்?" சராசரி மூன்று புள்ளி எட்டுக்கு இறங்கியது. எழிலரசி எல்லாவற்றையும் படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படித்தாள்.

அவற்றின் நடுவே எர்ணாகுளத்திலிருந்து ஒரு குறிப்பு. எழுதியவர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் என்பது பிறகு தெரிந்தது. மனைவிக்கு வாங்கியிருக்கிறார். "வலது கால் நன்றாக இருக்கிறது. தையல் சீர். இடது காலைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது, அது வரவில்லை. ஒரு காலுக்கு இரண்டரை நட்சத்திரம் என்பது கணக்கு. இங்கே அரை இல்லாததால் மூன்று கொடுக்கிறேன்."

எழிலரசி அதை இரண்டு முறை படித்தாள். தனகோடிக்குப் படித்துக் காட்டினாள். கௌசரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள். "இவருக்குப் புத்தி நிதானமா இருக்குது பாரு" என்றாள்.

"எனக்கு நிதானம் போய்டுச்சு அக்கா" என்றாள் கௌசர். குரலில் விளையாட்டு இல்லை. "நாலு தொடறதுக்குக் கடைசித் தேதி வர ரெண்டு நாள்தான். அந்தத் தம்பிக்கு ஒரு ஃபோன் போட்டா முடிஞ்சிடும். ஊரே செய்யுது. நீங்க கம்பெனிக்குப் போய்ட்டீங்கன்னா நான் யாரோட சண்ட போடுவேன்? தனியா நான் இந்தக் கடைய இன்னா பண்றது?"

எழிலரசி ஒரு செருப்பை எடுத்தாள். வெகுநேரம் கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே நவீன்குமாரை அழைத்தாள். கௌசர் நெருங்கி உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்த நூறு பேரு இன்னா எழுதுவாங்க? கொஞ்சம் படி."

அவன் படித்தான். அருமையான பொருள். கொடுத்த காசுக்குத் தகும். தரம் சூப்பர். மறுபடியும் வாங்குவேன். அருமையான பொருள்.

"ஒருத்தர்கூட ஒரு குறை சொல்ல மாட்டாங்களா?"

"சொல்ல மாட்டாங்க மேடம். அதுக்குத்தானே காசு?"

"வார் கொஞ்சம் இறுக்கம்னாவது?"

"மேடம்..."

"வேணாம் தம்பி. அவங்க சொல்றதுல ஒன்னுகூட நம்ம செருப்பப் பத்தி இல்ல. எந்தக் கடைக்கும் ஒட்டும்." பிறகு, "தப்பா நெனைச்சுக்காத" என்றாள்.

"இதுல இன்னா மேடம் தப்பு? பேக்கேஜ் வேணாம்னா விடுங்க. ரெண்டாவது ஃபோட்டோல கால் வைங்க. அந்த ஐடியா ஃப்ரீ" என்றான் அவன்.

கௌசர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று முழுவதும் எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

இடது கால்கள் போய்ச் சேரத் தொடங்கின. சிலர் தாங்கள் எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதினார்கள். பில்வாராப் பெண்மணி இந்தியில் நீளமாக ஏதோ எழுதி நான்கு கொடுத்தாள். திருநெல்வேலிக்காரர் "இரண்டும் சேர்ந்தாச்சு" என்று மட்டும் எழுதினார். பலர் ஒன்றும் மாற்றவில்லை. கடைசித் தேதி முடிந்தபோது கடை மீண்டும் மூன்று புள்ளி ஒன்பதில் வந்து நின்றது, எதுவுமே நடக்காததுபோல். பெரிய விற்பனை தொடங்கியது. முகப்புப் பக்கத்தில் ராயல் நடை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நவீன்குமார் கூப்பிட்டான். கௌசரும் அப்போது அங்கே இருந்தாள். கோபம் தீர்ந்து வரவில்லை. மறுநாள் எழிலரசி கம்பெனிக்குப் போய்விடுவாள் என்று, துப்பட்டாவையும் தன் பங்குக்கு மீந்த பெட்டிகளையும் எடுத்துக்கொள்ள வந்திருந்தாள்.

"மேடம், உங்க கடைப் பக்கத்தைப் பாத்தீங்களா? நூர் போய்க்கினே இருக்கு. சேல்ல இல்லாமலே போகுது. அந்த எர்ணாகுளம் ஆளு எழுதினது இருக்கே, மூணு ஸ்டார், அதுக்குத்தான் மேடம் எல்லாரும் பயனுள்ளதுன்னு அமுக்கிக்கிறாங்க. அதப் படிச்சிட்டு வாங்குறாங்க."

"மூணு ஸ்டாரப் பாத்தா வாங்குறாங்க?"

"வலது கால் தையல் சீருன்னு ஒருத்தன் ஒத்தக் கால் வந்த பின்னும் சொல்லிக்கிறான். நம்பாம இன்னா பண்ணுவாங்க? என் பேக்கேஜ்ல இப்பிடி ஒன்னு எழுத எனக்கு வராது மேடம்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

எழிலரசி பக்கத்தைத் திறந்தாள். எர்ணாகுளத்துக்காரர் தன் குறிப்பின் கீழ் ஒரு வரி சேர்த்திருந்தார். "இடது கால் வந்தது. வலதைப் போலவே இருக்கிறது. இப்போது நான்கு. ஒன்றை மறதிக்காகக் கழித்துக்கொண்டேன்."

"பரவால்ல, மனுஷன்" என்றாள் எழிலரசி. கௌசர் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வார்த்தையின் எடை அவளுக்குத் தெரியும்.

புதிதாக வந்திருந்த ஆர்டர்களை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி மறுபடி ஒலித்தது. சாம்பிள் அறைப் பொறுப்பாளர் ஜெயப்பிரகாஷ்.

"இன்னாம்மா, நாளைக்கி வர்றியா? உன் மேசைய அப்பிடியே வச்சிருக்குறேன்."

எழிலரசி சுற்றிலும் பார்த்தாள். அறை முழுவதும் தோல் மணம். அலமாரியில் ஜோடி ஜோடியாக நூர். கௌசர் துப்பட்டாவைக் கையில் சுருட்டியபடி வாசலுக்குப் போய், எங்கோ பார்ப்பதுபோல் நின்றாள்.

"வேற யாரையாவது பாருங்க சார்."

"அடி சக்க! ஆன்லைன்ல கோடீஸ்வரி ஆய்ட்டியா?"

"இல்ல சார். மூணு புள்ளி ஒம்போது."

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, "சரிம்மா, நல்லாரு" என்று வைத்துவிட்டார். கௌசர் "மாஷா அல்லா" என்றுகூடச் சொல்லவில்லை. கையில் சுருட்டியிருந்த துப்பட்டாவோடு மாடிப்படி ஏறினாள். எழிலரசி அலமாரியிலிருந்து ஒரு ஜோடி நூரை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

மொட்டைமாடியில் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. கௌசர் துப்பட்டாவை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தாள். செருப்புக்காகக் கையை நீட்டினாள். எழிலரசி கொடுக்கவில்லை. ஊக்கு மாட்டிய ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். நூரைத் துப்பட்டாவின்மேல் வைத்து வலது காலை உள்ளே நுழைத்தாள். பிறகு இடது காலை.

"அக்கா, அது விக்கிற மாலு! மடிப்பு விழுந்துடும்!"

விழுந்துவிட்டது. புதுத் தோலின் குறுக்கே மெல்லிய கோடாக, இரண்டு காலிலும். எழிலரசி குனிந்து அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். நிமிர்ந்து, வெடிப்பு விழுந்த குதிகால்கள் தெரியும்படி சேலையைக் கணுக்காலுக்கு மேல் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு காலும் தெரியுதா, பாத்து எடு."